மீதி ரெசின்

முதலில் போனது மகளின் இடது செருப்பு.
மண்டைக்காடு வளைவில் பின்சீட்டிலிருந்து
அம்மா, ரோடு தெரியுது என்றாள்.
ரோட்டில் போனா ரோடு தெரியாம
பின்ன கப்பலா தெரியும் என்றேன்.
கீழ, அம்மா. காலுக்குக் கீழ.

இரண்டாயிரத்து நாலு மாடல் மாருதி எண்ணூறு.
டன்ஸ்டன் மூன்றாம் கையாக வாங்கினான்,
இரண்டு ஞாயிறு ஓட்டினான்,
கத்தாருக்கு மீன் பிடிக்கப் போய்விட்டான்.
கடியபட்டணத்தில் எங்கள் வாசலுக்கும் அலைக்கும்
எழுபது அடி இருந்தால் அதிகம்.
உப்பு ஆள் பார்த்து வராது.
கார்ப்பெட்டுக்கு அடியில் படுத்து
தகரத்தைச் சாயாவில் முக்கிய ரஸ்க் ஆக்கியிருந்தது.

திங்கள்நகர் பெல்வின்
ஸ்க்ரூடிரைவரால் குத்தினான்; அது மறுபக்கம் போனது.
பீம் நல்லாத்தான் இருக்கு அக்கா, தரைதான் இல்ல.
வெல்டிங்குக்குப் பதினோராயிரம்.
அதும் பிடிக்கதுக்கு நல்ல இரும்பு வேணும்லா.
எடைக்குப் போட்டால் பதினெட்டு தருவார்களாம்.

வாய்ஸ் மெசேஜில் பாதி காற்று, பாதி டன்ஸ்டன்:
வித்துரு ஷெர்லி. ஆட்டோல போ.

நான் வலைக்கடையில் கணக்கு எழுதுகிறவள்.
குளச்சலுக்குப் போக வர ஆட்டோ முன்னூறு,
இருபத்தாறு நாள்.
ஏழாயிரத்து எண்ணூறு.
பெட்ரோல் இரண்டாயிரத்து அறுநூறு.
பஸ் ஒன்பதரைக்கு வருகிறது,
கடையும் பள்ளியும் ஒன்பதுக்கே திறக்கின்றன.
கணக்கு இரண்டு வரிதான்.
அதைக் கத்தார் வரைக்கும் சொல்ல
எனக்கு நெட் பாலன்ஸ் இல்லை.

ஆனி மாதக் கடல் யாரையும் விடவில்லை.
வள்ளங்கள் கரையில் கவிழ்ந்து கிடந்தன.
கொழுந்தன் றோயி தன் வள்ளத்தின் அணியத்துக்கு
பைபர் ஒட்டிக்கொண்டிருந்தான்.
நான் பார்ப்பதைப் பார்த்து
மீதி ரெசின் கிடக்கு மைனி என்றான்,
இருபது நிமிசத்தில் இறுகிரும், வண்டிய எடுத்துட்டு வா.

சீட்டைக் கழற்றி மணலில் வைத்தோம்.
துருவைச் சுரண்டிச் சுரண்டி
என் நகக்கண் எல்லாம் செங்கல் நிறம்.
மூன்று அடுக்கு மேட், மேலே வள்ளத்துக்கு அடித்த அதே நீலம்.
அந்த நாற்றத்தில் எங்கள் தெரு நாய்கூட
இரண்டு நாள் வேறு வீட்டில் சாப்பிட்டது.
செலவு: எமரித் தாள் அறுபது, பிரஷ் நாற்பத்தைந்து.
கூலி: மரச்சீனி, நெத்திலிக் கறி.

மூன்றாம் இரவு மழை பிடித்துக்கொண்டது.
கதவு ரப்பர் கிழிந்தது எனக்குத் தெரியும்.
இத்தனை வருடம் வந்த தண்ணீர் வந்த வழியே
துருவில் கீழே போய்க்கொண்டிருந்தது,
அது தெரியாது.
காலையில் கதவைத் திறந்தால்
காருக்குள் நீலமாக ஒரு சாண் தண்ணீர்.
ஜோடி இல்லாத வலது செருப்பு
கியர் கம்பியைச் சுற்றி மிதந்துகொண்டிருந்தது.

றோயி மணலில் உட்கார்ந்து சிரித்தான்.
வள்ளத்துக்கு ஓட்டை வைப்பாங்களா மைனி?
கோரித்தான் ஊத்தணும்.
கோரினேன். குளிக்கிற மக்கால்,
நாற்பத்தொரு மக்கு.
பூசைக்குப் போன கிளாடிஸ் அக்கா
என்ன பாடு இன்னைக்கு, சாளையா அயிலையா என்று
குடைக்குள்ளிருந்து கேட்டுவிட்டுப் போனாள்.

அவனிடமே டிரில் வாங்கி
அத்தனை பாடுபட்டு அடைத்த இடத்தில்
என் கையாலேயே ஓட்டை போட்டேன்,
சுண்டுவிரல் மொத்தத்தில், நாலு.
அதற்கு ரப்பர் மூடி, ஒன்று ஆறு ரூபாய்.

நீலத் தரையைப் படம் எடுத்து அனுப்பினேன்.
ஒரு பகல் கழித்துப் பதில் வந்தது:
பெயின்ட் யாருக்க காசு?

திங்கள்கிழமை, மணவாளக்குறிச்சி தாண்டும்போது
பின்சீட்டில் குனிந்திருந்தவள்
ஒண்ணே ஒண்ணு பிடுங்கட்டுமா அம்மா என்றாள்.
பிரேக் ஷூ அடுத்த மாதம் வரை தாங்க வேண்டுமே என்று
இரண்டாம் கியரில் இறங்கிக்கொண்டிருந்தேன்.
செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்,
பிறகு பிடுங்கு என்றேன்.